வலிக்குக் கட்டம் இல்லை

குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவருக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரொட்டிக் கடை முக்கில். வாரியத்துக்குச் சேதி போயிருந்தால், வலி வருவதற்கு முன்பே உரிய படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள். நல்ல வேளையாக வாரியத்துக்கு எந்தச் சேதியும் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவதில்லை.

அவருடைய வேலையில் ஒளிவுமறைவு கிடையாது. ஆளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். தரையிலிருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு இருபது சுற்று சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். ஒரு மணி நேரம் கழித்து வந்து எதிர்ப்பக்கம் இருபது சுற்று சுற்றினால் நிற்கும். நாளுக்கு முப்பத்தோரு வால்வு, இருபத்தெட்டு வருஷம். அன்றைக்குப் பதினான்காவது சுற்றில், யாரோ ஒரு கனத்த ஆசாமி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. உட்கார்ந்ததோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை, இடது கைக்கும் தாடைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தான். அவர் சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். வலி விட்டது. தெருவே வாளியும் கையுமாகக் காத்திருந்ததால் மிச்சம் ஆறு சுற்றையும் சுற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒண்ணுமில்ல, வாயு" என்றார்.

மனைவி தையல்காரி. தையல் மிஷினை நிறுத்தி, பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அப்பாவும் வாயுன்னுதான் சொன்னாரு."

அப்பாவுக்கும் இதே வாரியம், இதே சாவி. நாற்பத்தெட்டு வயதில், மூன்று நாள் வாயு, வாயு என்று சொல்லி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தவர், நான்காம் நாள் ஒரு வால்வு மூடியின் மேலேயே கவிழ்ந்து போனார். மகனுக்கு இப்போது ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டைத் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு பிறந்த நாளையும், அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி பயந்து பயந்துதான் கழித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே இதய டாக்டரப் பாருங்க. இல்லன்னா நான் இழுத்துட்டுப் போவேன்" என்றாள் மனைவி.

அங்கேதான் சிக்கல். முன்பெல்லாம் வாரிய ஊழியர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு ஊழியர்களின் இதயத்தின் மேல் வாரியத்துக்கு அக்கறை பிறந்துவிட்டது. இதயக் காப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்தப் பிரிவு தருகிற மஞ்சள் சீட்டு இல்லாமல் இதய டாக்டர் வாரிய ஊழியர் எவரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தமும் போட்டார்கள். அக்கறை வந்தால் அப்படித்தான், அரைகுறையாக வராது.

பிரிவு இருந்தது தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் பூட்டும், பூட்டின் மேல் 'படியே மருந்து' என்ற பலகையும் இருந்தன. வால்வுக்காரர் மருந்தை மாடிக்கு ஒரு வேளையாக உட்கொண்டு, நாக்கு தள்ள மேலே போய்ச் சேர்ந்தார். வாசலிலேயே ஒரு நாற்காலி. பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு ஓய்வுக் கண்காணிப்பாளர். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்பு பத்து நிமிஷம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ஊழியர்கள் ஓய்வை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்ப்பது அவர் உத்தியோகம்.

"உக்காருங்க. பேசக் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. எதையும் யோசிக்கக் கூடாது."

"யோசிக்கறத எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"இப்ப யோசிச்சீங்கல்ல? மறுபடியும் முதல்லேருந்து."

இப்படி நான்கு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு தடவை புருவத்தைச் சுருக்கினார் என்று, ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார் என்று, கடைசியாகக் கொட்டாவி விட்டதில் முயற்சி தெரிந்தது என்று. முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்ததில் அழுத்தம் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. கண்காணிப்பாளர் 'ஓய்வுக்கு ஒத்துழைக்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி உள்ளே அனுப்பினார்.

உள்ளே படிவம் எழுதுகிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி. அந்தக் கட்டடத்தில் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"சொல்லுங்கண்ணே, வயசு?"

"நெஞ்சு வலிக்குதும்மா. சாவி சுத்தறப்போ பிடிக்குது, கைக்கு இறங்குது."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அத இங்க சொல்லாதீங்க. வலிக்குக் கட்டம் இல்ல. இங்க ஆபத்துக் காரணி மட்டும்தான் பாப்போம். வலி வரப் போறவங்களுக்குத்தான் இது. வந்துட்டவங்க இதுல சேத்தி இல்ல. வலின்னு எழுதினா உங்க பேர இங்கேருந்து அடிச்சிடுவாங்க. பேர் இல்லன்னா சீட்டு இல்ல."

"இங்க இதர விவரம்னு ஒரு கட்டம் இருக்கே?"

"அது பிரிவ வாழ்த்தி எழுதறதுக்கு."

அவர் வலியை விழுங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் சொன்னார். அம்மாள் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார். வயதுக்கு நான்கு, ஆணாய்ப் பிறந்ததற்கு இரண்டு, தகப்பனார் இளவயதில் இதய நோயில் போனதற்கு நான்கு, ரத்த அழுத்தத்துக்கு நான்கு, கொழுப்புக்கு மூன்று, இடுப்புச் சுற்றளவுக்கு இரண்டு. மொத்தம் பத்தொன்பது.

"பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு வாங்கினதில்ல" என்றார் வால்வுக்காரர். "இவ்வளவு ஆபத்து இருக்குன்னா, சீட்டு உடனே கிடைச்சிடுமில்ல?"

"பன்னிரண்டுக்குக் கீழ இருந்தாத்தான் சீட்டு அண்ணே."

"ஆபத்து கம்மியா இருந்தாவா?"

"முன்னாடி அதிகமா இருக்கறவங்களத்தான் அனுப்பினோம். அந்த டாக்டர் என்ன பண்ணாருன்னா, போனவங்களுக்கெல்லாம் நோய் இருக்குன்னு எழுதி அனுப்பிட்டாரு. புள்ளிவிவரமே கெட்டுப் போச்சு. அதனால இப்ப ஆபத்தக் குறைச்சிட்டுத்தான் டாக்டர்கிட்ட போகணும்."

குளித்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்க வேண்டும் என்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அம்மாள் ஒரு செயல்திட்டத் தாளை நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குள் பத்து சதவிகிதம் குறைக்க வேண்டும். ஆறு வாரம் அவகாசம்.

"எல்லாத்துலயுமா? வயசுலயும்?"

"எல்லாத்துலயும்னுதான் போட்டிருக்கு" என்றார் அம்மாள், தாளைப் பார்த்துக்கொண்டே. "ஆண்ங்கற கட்டத்துல மட்டும் பரிசீலனையில் இருக்குன்னு நான் எழுதிக்கறேன்."

அந்த ஆறு வாரமும் மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செயல்திட்டப்படி தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். "நான் நாளெல்லாம் நடக்கறேன், சைக்கிள் மிதிக்கறேன், சாவி சுத்தறேன்" என்றதற்கு, அது வேலை, உடற்பயிற்சி ஆகாது என்றார்கள். உடற்பயிற்சி என்றால் அதில் பயன் எதுவும் இருக்கக் கூடாதாம். ஆகவே காலையில், ரொட்டிக் கடைத் தெரு வாளியோடு காத்திருக்கும் நேரத்தில், அவர் தலைமை அலுவலகத்துக் கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்தார். தண்ணீர் வராத தெருக்காரர்கள் அவரைத் தேடி வந்து திட்டினார்கள். திட்டு வாங்கியதில் மன அழுத்தம் கூடியிருப்பதாகப் பிரிவு கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மதிப்பெண் சேர்த்து இருபத்தொன்றாக்கியது.

புகைக் கட்டம் தனிக் கூத்து. நீரேற்று நிலையத்தில் மோட்டார் போடுகிறவர் நாளுக்கு நாற்பது சிகரெட் ஊதித் தள்ளுவார். இந்த ஆறு வாரத்தில் நான்கு சிகரெட் குறைத்து, பத்து சதவிகித முன்னேற்றம் என்று மெடல் வாங்கி, அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ஊதினார். வால்வுக்காரர் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. புகைக் கட்டத்தில் அவருக்கு முன்னேற்றம் 'இல்லை' என்று விழுந்தது.

"சும்மா ஒரு பாக்கெட் ஆரம்பிச்சு, ஒரு வாரத்துல விட்டுருங்க. நூறு சதவிகிதம் ஆயிடும்" என்று மோட்டார்காரர் அன்போடு ஒன்றை நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் வலி வாரம் ஒரு தடவை என்பது போய் தினம் வந்தது. பதினான்காவது சுற்றில் வந்தது ஐந்தாவது சுற்றுக்கே வந்தது. பிறகு சுற்றாமலேயே, சட்டை போடும்போது வந்தது. மனைவி இடுப்பைத் தன் டேப்பால் அளந்து பார்த்தாள். இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. "முகமும் இறங்கியிருக்கு. அதுக்கு உங்க பிரிவு எத்தனை மார்க் குடுக்கும்?" என்று கேட்டாள். பயமாக இருந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். இருபத்தைந்து வருஷத்தில் அது அவருக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுக் கூட்டம் வந்தது. நீள மேஜை, பன்னிரண்டு நாற்காலி, நடுவில் பிரிவு இயக்குநர். நல்ல தையல் கோட்டு, சுருக்கமில்லாத கழுத்துப்பட்டை. அவருக்குப் பின்னாலிருந்த பலகையில் அதிகாரிகளின் மதிப்பெண் பட்டியல் தொங்கியது. இயக்குநர், பூஜ்யம். அவருடைய இடுப்பை அளக்க யாருக்குத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, மாரடைப்புங்கறது அடிப்படையில ஒரு ஒழுங்கீனம். ஒரு ஊழியர் முன்னறிவிப்பு இல்லாம வேலை நேரத்துல விழறார்னா, நம்ம படிவங்கள அவர் மதிக்கலன்னு அர்த்தம். போன வருஷம் இந்தப் பிரிவு ஆறாயிரம் இடுப்பு அளந்திருக்கு. அதுக்கு முந்தின வருஷம் நாலாயிரம்தான். சரி, இதய நோய் குறைஞ்சுதான்னு சிலர் குதர்க்கமா கேக்கறாங்க. அது ஆஸ்பத்திரியில கேக்க வேண்டிய கேள்வி. அளக்கறது எங்க வேலை. அளவு கூடியிருக்கு. இன்னொண்ணு, நம்ம பிரிவுல இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட இதய நோய் வந்ததில்ல. ஏன்னா வந்தவுடனே அவர் நம்ம பிரிவுல இருக்கறதில்ல."

கைதட்டினார்கள். ஓய்வுக் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, முன்மாதிரியாக ஓய்வெடுத்தபடியே தட்டினார். பிறகு வால்வுக்காரரின் தாளை எடுத்தார்கள்.

"வயசு குறைக்கணும்னு திட்டம். ஆனா ஆறு வாரம் கூடியிருக்கு" என்றார் இயக்குநர். "போகட்டும். தகப்பனார் கட்டத்துல நாலு மதிப்பெண் அப்படியே நிக்குதே. இதுல என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"ஐயா, அவர் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"முப்பத்திரண்டு வருஷம் அவகாசம் இருந்திருக்கு. ஒண்ணுமே பண்ணல."

வால்வுக்காரர் சாதாரணமாக அதிகாரிகளிடம் எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. ஆனால் அப்பா பேச்சு வந்ததும் அவர் மேஜையோரம் வரை வந்துவிட்டார். அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் குரல் பெரிதாக வந்துவிட்டது.

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசுங்க. மூணு நாள் வாயுன்னு சொன்னாரு, நானும் நம்பிட்டேன். கேக்கறதுக்கு அன்னிக்கு விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இல்ல. இன்னிக்கு ஒரு மாடி முழுக்க இருக்கீங்க. எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க. ஆறு வாரமா வலிக்குது. எங்க அப்பா மாதிரி நான் சாகக் கூடாதுங்க."

இயக்குநர் அவரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். "இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"இதர விஷயங்கள்ல?"

"அதுல ஓய்வு நாற்காலிக்கு மெத்தை மாத்தறது மட்டும்தான் இருக்குங்க."

"சரி, அடுத்த கூட்டத்துக்கு வெச்சுக்கலாம்."

வெளியே படிக்கட்டில் படிவ அம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார். "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சீட்டில்லாம டாக்டர் பாக்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்துட்டா அவசரப் பிரிவுல தூக்கிட்டுப் போயிடுவாங்க. விழுந்தவங்ககிட்ட சீட்டு கேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுத மறந்துட்டாங்க. அதாவது, கேக்கணும்னு எழுத மறந்துட்டாங்க. நீங்க போங்க, இன்னிக்கே போங்க."

கீழே மனைவி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்ற பிறகுதான், விழுவது அவ்வளவு லேசான காரியமல்ல என்று அவருக்கு விளங்கியது. ஐம்பத்தொரு வயது மனுஷன், பத்துப் பேர் பார்க்க, காரணமில்லாமல் எப்படி விழுவது?

"விழுங்க" என்றாள் மனைவி, உதட்டை அசைக்காமல்.

"தரை ஈரமா இருக்கே."

"உங்களுக்குப் பாய் வேற விரிக்கணுமா?"

அவர் உலர்ந்த இடமாகப் பார்த்து, முதலில் முட்டி, பிறகு கை என்று ஊன்றி, பதனமாக ஒருக்களித்துப் படுத்தார். வாசல் காவலாளி வந்து குனிந்து பார்த்தான். "பெரியவரே, இங்க படுக்கக் கூடாது. பெஞ்சு அங்க இருக்கு." அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாக விழப் போய், நடுவில் செருப்பு கழன்றதென்று நின்று மாட்டிக்கொண்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்லத்தான் வராதுன்னு பாத்தா, விழக்கூடவா வராது உங்களுக்கு?"

மூன்றாவது தடவை அவர் வெட்டிய மரம் மாதிரி தொப்பென்று விழுந்தார். "ஆங், இப்பத்தான் சரி!" என்று அவள் மெச்சிக்கொண்டே குனிந்தாள். சட்டை முழுக்க வியர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கூப்பிட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியின் மூன்று மாடியும் வாசலுக்கு வந்துவிட்டது.

பிழைத்துக்கொண்டார். ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை உள்ளே வைத்தார்கள். இதய டாக்டர் நல்ல மாதிரி, சிடுசிடுவென்று இருந்தாலும். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் பாக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆறு வாரமா வலின்னா ஏன்யா வரல?" என்று சத்தம் போட்டார்.

மனைவிதான் பதில் சொன்னாள். "ஆபத்தக் குறைச்சுட்டு வரலாம்னு இருந்தாரு டாக்டர்."

நான்காம் நாள் பிற்பகல் இயக்குநரே நேரில் வந்தார். கையில் பூங்கொத்து, பின்னால் போட்டோக்காரர், படிவ அம்மாள். வார்டு இரண்டாவது மாடியில், படியேறி வந்த இயக்குநர் கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாள் கடிதத்தைப் படித்தார், கண்ணை நிமிர்த்தாமல்.

"'தங்களுக்கு இதய நோய் ஏற்பட்டுவிட்டபடியால், இனி தங்களுக்கு இதய நோய் ஏற்படும் ஆபத்து இல்லை. தங்கள் மதிப்பெண் இருபத்தொன்றிலிருந்து பூஜ்யமாகக் குறைந்துள்ளது. ஒரே நாளில் இத்தகைய முன்னேற்றம் வாரிய வரலாற்றில் இதுவே முதல் முறை. பாராட்டுகள்.'"

மனைவி நிதானமாகக் கேட்டாள்: "அப்ப செத்துப் போயிருந்தா பூஜ்யத்துக்கும் கீழ போயிருக்குங்களா?"

"அதுக்குத் தனிப் பதிவேடு இருக்கும்மா" என்றார் இயக்குநர்.

போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் இயக்குநர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். மனைவியையும் பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பூங்கொத்தின் காகிதத்தை நெருடிக்கொண்டிருந்தார்.

"அந்த வலி... எந்த இடத்துல ஆரம்பிச்சுது?"

வால்வுக்காரர் நடு நெஞ்சைக் காட்டினார்.

"இங்கயா?" இயக்குநரின் விரல் தன் கழுத்துப்பட்டை மேல் இருந்தது. "படியேறும்போது மட்டும்தானே?"

"முதல்ல அப்படித்தாங்க. அப்புறம் சும்மா உக்காந்திருந்தாலும்."

இயக்குநர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு மூணு மாசமா இருக்கு. வீட்டுல வாயுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்களே சீட்டுல கையெழுத்துப் போட்டுக்கலாமே ஐயா? டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு."

"போட்டா பதிவேட்டுல ஏறும். மாசா மாசம் அத மேலிடத்துல படிக்கறது நான்தான். சீட்டில்லாம அவர் பாக்க மாட்டாரு. அந்த விதிய எழுதினதும் நான்தான்." குரல் இன்னும் இறங்கியது. "வாசல்ல நீங்க... அது எப்படிப் பண்ணீங்க?"

வால்வுக்காரர் அவரைப் பார்த்தார். தகப்பனார் கட்டத்தில் நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் துடிக்கவும் செய்தது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் ரத்தமே இல்லை, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இப்படி ஒரு முகத்தை அவர் பத்தொன்பது வயதில் மூன்று நாள் பார்த்திருக்கிறார். பார்த்தும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார்.

"படிக்கட்டு கிட்ட வேண்டாம் ஐயா, தலையில அடிபடும். காவலாளி நாற்காலிக்கு இந்தப் பக்கம் தரை சமமா இருக்கு. மெதுவா மட்டும் படுத்துடாதீங்க, எழுப்பி பெஞ்சுக்கு அனுப்பிடுவான். தொப்புன்னு விழணும்."

இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எழுந்தார்.

மனைவி அவர் கையிலிருந்த பூங்கொத்தை வாங்கி மேஜை மேல் வைத்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க, நானும் கூட வரேன்" என்றாள். "நீங்க விழுந்தா மட்டும் போதாது. கத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்."